தேடியதேட்டம் யாருடையது?

யாழ்ப்பாணத்துப் பெண் பாக்கியசாலி என்று சொல்லுவோர் நம்மிடையே பலர் உளர். சீதன உறுதி அவள் பெயரில் எழுதப்படுகின்றதாம். வீடும் வளவும் அவளுடையனவாம். கணவன் வந்து குடியேறுபவனேயன்றி உடையவன் அல்லனாம். கலியாண வீடுகளிலும், பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும், சட்டம் படித்த பெரியவர்கள் தலைமை தாங்கும் கூட்டங்களிலும் இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு நம் செவிகள் பழகிவிட்டன. பழகிவிட்ட காரணத்தாலேயே, அதே பெண் கணவனைப் பிரிந்து மாவட்ட நீதிமன்றத்தின் படியேறும்போது அவள் கையில் என்ன மிஞ்சுகின்றது என்று கேட்க நாம் மறந்துவிட்டோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இது நடந்த கதையன்று. ஆனால் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களை அறிந்தவர் எவருக்கும் அந்நியமான கதையுமன்று. கலியாணமாகி இருபது ஆண்டுகள். கணவன் தோட்டக்காரன். வெங்காயம் நடுகின்றவள், களை பிடுங்குகின்றவள், கிண்டிய வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டுகின்றவள் மனைவி. விடியப்புறம் எழுந்து அடுப்பு மூட்டுவதும், மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் அவளே. வெங்காயம் நல்ல விலை போன ஆண்டுகளில் மிச்சம் பிடித்த காசில் பக்கத்துக் காணி பத்துப் பரப்பு வாங்கப்படுகின்றது. நொத்தாரிசு பெயரைக் கேட்கிறார். கணவனின் பெயர் எழுதப்படுகின்றது. மனைவி அவ்வேளை நொத்தாரிசுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருப்பாள்.

அந்தத் தம்பதியர் பிரிகின்றனர். பத்துப் பரப்பும் யாருக்கு?

தேசவழமையை நன்கறிந்தவர்போலப் பேசுவோரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். “அது தேடியதேட்டம் அல்லவா, ஆளுக்குப் பாதி” என்பார்கள். பத்தில் ஒன்பது பேர் இப்படித்தான் சொல்லுவார்கள். ஆசிரியர் சிலரும் வகுப்பறையில் இப்படியே படிப்பிக்கின்றனர். இந்த விடை ஒரு காலத்தில் சரியாயிருந்தது. 1947ஆம் ஆண்டு யூலை மாதத்திலிருந்து அது பிழை.

இந்தப் பிழையின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இப்பகுதியின் வழக்கங்களை 1706, 1707ஆம் ஆண்டுகளில் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அத்தொகுப்பைப் பார்வையிட்டுச் சரியென ஒப்பினர். (பன்னிருவருள் பெண் ஒருத்தியும் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?) ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். அத்தொகுப்பிலே குடும்பத்தின் சொத்து மூன்று கூறாக நின்றது. ஆண் தன் பெற்றோர் வழியாகக் கொண்டுவந்தது முதுசம். பெண் கொண்டுவந்தது சீதனம். இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். முதல் இரண்டும் அவரவர்க்கு. மூன்றாவது இருவர்க்கும்.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமாகிய யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இந்த மூன்றாவது கூற்றை மிகத் தெளிவாக வகுத்தது. அதன் 20ஆம் பிரிவின்படி, தேடியதேட்டம் கணவன் மனைவி ஆகிய எவரால் ஈட்டப்பட்டாலும், எவர் பெயரில் இருந்தாலும், இருவருக்கும் பொதுவானது. இருவரும் அதில் சமவுரிமை உடையவர். ஒருவர் இறந்தால் பாதி மற்றவரிடமே நிற்கும். விவாகம் குலைந்தாலும், நீதிமன்றம் இருவரையும் பிரித்துவைத்தாலும், ஆளுக்குப் பாதி. நம்முடைய வெங்காயத் தோட்டக்காரி அன்று பிரிந்திருந்தால் ஐந்து பரப்பு அவளுடையது. அதை அவள் எவரிடமும் இரந்து கேட்க வேண்டியதில்லை.

1947இல் வந்த 58ஆம் இலக்கத் திருத்தம் அந்தப் பிரிவை அகற்றிவிட்டு வேறொன்றை வைத்தது. தேடியதேட்டம் என்ற பெயர் நின்றது, பொருள் போய்விட்டது. இப்போது கணவனின் தேடியதேட்டம் என்று ஒன்று, மனைவியின் தேடியதேட்டம் என்று வேறொன்று. யார் விலை கொடுத்து வாங்கினாரோ அவருடையது அது. மற்றவருக்கு அதில் பங்கு பிறப்பது வாங்கியவர் இறக்கும்போதுதான். அதுவும் அவர் உயிரோடிருக்கையில் விற்காமலும், மரணசாசனத்தால் வேறெவர்க்கும் எழுதாமலும் விட்ட மிச்சத்தில். விவாகம் குலைந்தால் ஆளுக்குப் பாதி என்று சொன்ன வாசகம் திருத்தத்திலே காணாமற் போயிற்று. நாடு சுதந்திரத்தின் வாசலில் நின்று கொண்டிருந்த அதே மாதங்களில், வடபகுதித் தமிழ்ப் பெண் தன் உழைப்பின் பாதியை இழந்தாள். அதற்காக எந்த ஊர்வலமும் போனதாக நாம் அறியோம்.

திருத்தத்துக்கு நியாயம் சொல்லுவோர் இருக்கின்றனர். காணி வாங்குவோருக்குச் சந்தேகம் நேர்ந்ததாம்: உறுதியில் ஒரு பெயர், உரிமையில் இரண்டு பெயர் என்றால் எவரை நம்பி விலை கொடுப்பது? மெய்தான், வில்லங்கம் உண்டாகக் கூடியதே. ஆனால் அந்த வில்லங்கத்தைத் தீர்க்க இரண்டு வழிகள் இருந்தன. உறுதியில் இரண்டாவது பெயரையும் எழுதச் செய்வது ஒன்று; உரிமையிலிருந்து இரண்டாவது பெயரை அழிப்பது மற்றொன்று. எந்த வழி தெரிந்தெடுக்கப்பட்டது என்பதைக் கொண்டே, எவருடைய வசதி கருதிச் சட்டம் செய்யப்பட்டது என்று கண்டுகொள்ளலாம்.

உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கு இத்திருத்தம் நன்மை செய்தது என்றும் சொல்லுவர். அவள் தன் சம்பளத்தில் வாங்கிய காணி அவளுடையதாகவே நின்றது என்பது உண்மை. ஆனால் அந்தக் காணியை அவள் விற்க முடியுமா? இங்கேதான் நம் பண்பாட்டுக் காவலரின் வாய் அடைத்துவிடுகின்றது. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி உயிரோடிருக்கையில் கைமாற்ற முடியாது. நாட்டின் ஏனைய பெண்களுக்கு இத்தகைய தளையை அறுத்துவிட்ட 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்குட்பட்ட தமிழரை வெளியே நிறுத்திவிட்டே இயற்றப்பட்டது. கணவன் தன் பெயரிலுள்ள பத்துப் பரப்பையும் நாளைக்கே விற்கலாம்; மனைவியின் கையெழுத்து வேண்டியதில்லை. மனைவியோ, தாய் தந்தையர் தந்த சீதன வளவைக்கூட அவனுடைய கையெழுத்தின்றி விற்க முடியாது. ‘கவசம்’ என்று சொல்லப்படுவது இதுதான்.

பிரிவு நேரும்போது இத்தளையின் இறுக்கம் இன்னும் நன்றாகத் தெரியும். வழக்காடப் பணம் வேண்டும். கணவன் வேறு ஊரில் வேறு வீட்டில். காணியை விற்றோ ஈடுவைத்தோ சட்டத்தரணிக்குக் கொடுக்கலாமென்றால், எவனுக்கு எதிராக வழக்கோ அவனுடைய கையெழுத்தே தேவைப்படுகின்றது. கைவிடப்பட்டவளும், கணவன் நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப் பெற்றவளும் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம் என்று சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருப்பது மெய்யே. ஆக, ஒரு வழக்கை நடத்துவதற்காக முதலில் இன்னொரு வழக்கை நடத்த வேண்டும். அவ்வளவு காலமும் பிள்ளைகள் எதைத் தின்பது?

“அவளுக்குத் தாபரிப்பு உண்டே!” என்பார்கள். 1889ஆம் ஆண்டுப் பழஞ்சட்டத்தை நீக்கிய 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் முன்னையதைவிட எவ்வளவோ மேலானது என்பதை நாம் மறுக்கவில்லை. கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான கடமையாக அது தாபரிப்பை வைத்தது. படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயதுவரை வழி செய்தது. கொடாதவனின் சம்பளத்திலிருந்தே கழிக்கவும், அவனைச் சிறையில் வைக்கவும் நீதவானுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் மனைவி என்ற உறவு நிற்கும்வரையே அச்சட்டத்தின் கீழ் அவள் தனக்காகக் கேட்கலாம். விவாகரத்துத் தீர்ப்போடு அந்த வாசல் அடைபடுகின்றது. அதன்பிறகு அவளுக்கு உள்ளது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு. தீர்ப்பு வழங்கும் நீதிமன்றம், தகுதியெனக் கருதினால், ஒருவர் மற்றவருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கவோ, மொத்தமாக ஒரு தொகை கொடுக்கவோ, மாதாமாதம் கொடுக்கவோ கட்டளையிடலாம்.

‘தகுதியெனக் கருதினால்’ என்ற அந்த இரண்டு சொற்களிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது. நல்ல நீதிபதி வாய்த்தால் நல்ல தீர்ப்புக் கிடைக்கும். அதை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் பங்கு கேட்பவள் வேறு, கருணை கேட்பவள் வேறு. பங்கு கேட்பவள் கணக்கோடு வருகிறாள். கருணை கேட்பவள் கண்ணீரோடு வரவேண்டியிருக்கின்றது. தான் உத்தமி என்று காட்டவேண்டியிருக்கின்றது. தான் எவ்வளவு வறியவள் என்று திறந்த மன்றிலே சொல்லவேண்டியிருக்கின்றது. இருபது ஆண்டு வெங்காயம் கட்டிய கைகளுக்கு அங்கே விலையில்லை.

உத்தமி என்று காட்டுவது ஏன் அவசியமாகின்றது என்றால், இந்நாட்டின் பொது விவாகச் சட்டத்தில் விவாகரத்து என்பது இன்னமும் குற்றவாளியைத் தேடும் வழக்காகவே இருக்கின்றது. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களையே ஒப்புகின்றது: வியபிசாரம், கெடுநோக்குடன் கைவிட்டுச் செல்லுதல், விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற இயலாமை. ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தாலே போதும் என்ற எண்ணத்தை 1977ஆம் ஆண்டுத் திருத்தமொன்று உண்டாக்கியது. அப்படியன்று, ஒருவர் பக்கத்துத் தவறு காட்டப்பட வேண்டும் என்று 1986இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. அதனால் என்ன நடக்கின்றது? வாழ விருப்பமற்ற இருவர், ‘நான் கெடுநோக்குடன் கைவிட்டேன்’ என்று யார் ஒப்புக்கொள்வது என்று பேரம் பேசுகின்றனர். அந்தப் பேரத்தில் பணமே துரும்பு. ‘நட்டஈடு, தாபரிப்பு எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதித் தா; வழக்கை எதிர்க்காமல் விடுகிறேன்’ என்கிறான் கணவன். பல ஆண்டுகள் தவணைக்குத் தவணை அலைந்து களைத்தவள் எழுதிக் கொடுக்கிறாள். நீதிபதியின் முன் வருவது ‘இணக்கம்’. அந்த இணக்கம் எந்தத் தாழ்வாரத்தில், எந்த நெருக்குதலில் உண்டானது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

கைக்காசாகக் கொடுத்த ‘டொனேசன்’ பற்றி ஒரு வார்த்தை. சீதன உறுதியில் காணி எழுதப்படுகின்றது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் பணத்துக்கோ எழுத்தில்லை. அது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகி, வேறொரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு தங்கைக்குப் போய்விடுகின்றது. விவாகம் குலையும்போது அந்தப் பணம் எங்கே என்று கேட்டால், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருசேர வாய்மூடி நிற்பார்கள்.

இனி, உலகம் எங்கே நிற்கின்றது என்று பார்ப்போம். நமக்கு ரோமன்–டச்சுச் சட்டத்தையும் ஆங்கிலச் சட்டத்தையும் கலந்து கொடுத்துப் போனவர்களின் நாட்டிலே, 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரபுக்கள் சபை ஒரு வழக்கைத் தீர்த்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாகப் பண்ணை நடத்திய விவசாயத் தம்பதியரின் வழக்கு அது. உழைத்துப் பணம் கொண்டுவந்தவர், வீட்டைப் பார்த்தவர் என்று இருவருக்கிடையே வேற்றுமை பாராட்டலாகாது. பங்கீட்டைச் சமத்துவம் என்ற அளவுகோலால் சரிபார்க்க வேண்டும் என்று அங்கே கூறப்பட்டது. ஓய்வூதியத்தையும் பங்கிட அதே ஆண்டு முடிவில் வழி பிறந்தது. 2022 ஏப்ரல் 6 முதல் குற்றம் காட்டாமலே விவாகரத்துப் பெறலாம். 2025 யூலை 2ஆந் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம் இன்னொரு கோட்டைக் கீறிற்று. வரி குறைக்கும் திட்டமொன்றுக்காகக் கணவன் தன் முற்சொத்திலிருந்து ஏறக்குறைய 7 கோடியே 78 இலட்சம் பவுணை மனைவியின் பெயருக்கு மாற்றியிருந்தான். பெயர் மாறியதனால் மட்டும் அது இருவரின் பொதுச்சொத்தாகிவிடாது. சமபங்கு என்பது சேர்ந்து வாழ்ந்து ஈட்டியதற்கே என்பது தீர்ப்பு. கோடீசுவரரின் சண்டை நமக்கெதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். அதன் தத்துவத்தைப் பாருங்கள். அவரவர் கொண்டுவந்தது அவரவர்க்கு. சேர்ந்து தேடியது இருவர்க்கும் பாதி. உறுதியில் யார் பெயர் என்பது முடிவான சொல்லன்று. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று சொற்களை அறிந்த நமக்கு இது புதிய பாடமா? 1911இல் நாம் சட்டப் புத்தகத்தில் வைத்திருந்ததை நோக்கி இலண்டன் 2000இல் நடந்து வந்திருக்கின்றது. நாமோ 1947இல் அதைவிட்டு எழுந்து போய்விட்டோம்.

பழைய தேசவழமைக்குப் பூமாலை சூட்டுவது நம் நோக்கமன்று. அப்பழஞ்சட்டத்திலும் கணவனே சொத்தின் நிருவாகி. பெண் அவன் நிழல். அடிமை குடிமையென மனிதரையே சொத்தாக எண்ணிய ஏடு அது. நாம் சொல்லுவது இவ்வளவுதான்: பெண்ணுக்குப் பாதகமான விதியைத் தொடும்போது ‘ஆயிரமாண்டுப் பாரம்பரியம்’ என்று எழுந்து நிற்பவர்கள், அவளுக்குச் சாதகமான விதி பறிபோனபோது எங்கே போயிருந்தார்கள்?

கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்தில் 2023 யூன் மாதத்தில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் இராமசாமி ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பளித்தார். கணவன் பத்தாண்டுக்கு மேல் சவூதி அரேபியாவில் உழைத்துப் பணம் அனுப்பியவன். மனைவி ஊரிலிருந்து பிள்ளைகளை வளர்த்தவள். அவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு. அவள் விடுமுறையின்றி வீட்டைத் தாங்கியிராவிட்டால் அவன் போய்ச் சம்பாதித்திருக்கவே முடியாது என்று அவர் கண்டார். அது ஒரு நீதிபதியின் தீர்ப்பே; இந்தியப் பாராளுமன்றம் சட்டமாக்கிய கொள்கையன்று. ஆயினும் கட்டார், குவைத் என்று ஆணும் பெண்ணும் போய் உழைக்கும் நம் ஊர்களில் இதைப் படித்துப் பார்க்க வேண்டும். இங்கே பலமுறை மனைவியே குவைத்தில் பிறர் வீட்டுக் குசினியில் நிற்கிறாள்; அவள் அனுப்பும் பணத்தில் கணவன் தன் பெயரில் காணி வாங்குகிறான். அவளுடைய பணம் அது என்று காட்ட வங்கித் துண்டுகளைத் தேடித் திரிவது அவள் தலையெழுத்து. 2020 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், தாபரிப்பு வழக்கில் இரு பகுதியினரும் தம் வருமானம், சொத்து, கடன் யாவற்றையும் சத்தியக்கடதாசியில் தொடக்கத்திலேயே வெளிப்படுத்த வேண்டுமென்று நாடு முழுவதற்கும் விதித்தது. கடை வைத்திருப்பவன் ‘வியாபாரம் படுத்துவிட்டது’ என்று கையை விரிக்கும் காட்சியைக் கண்ட எவரும் இவ்விதியின் பெறுமதியை உணர்வர்.

நம் தோழர்களில் சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் புன்னகை செய்வதுண்டு. சொத்துடையவரின் சண்டை இது. சொத்தையே ஒழிக்கப் புறப்பட்ட நமக்கு இதில் என்ன வேலை என்பது அப்புன்னகையின் பொருள். ஏங்கெல்ஸ் 1884இல் குடும்பத்தின் தோற்றத்தைப் பற்றி நூலெழுதியவர் என்பதை இவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதைப் படித்ததாகவே சொல்லிக்கொள்கின்றனர். 1926ஆம் ஆண்டு ருசியக் குடும்பச் சட்டம், விவாக காலத்தில் ஈட்டிய சொத்து இருவரின் பொதுச்சொத்து என்று எழுதியது. புரட்சி செய்தவர்களுக்கு அது சில்லறை விடயமாகப் படவில்லை. தவிரவும், பத்துப் பேர்ச் நிலமும், தவணைக் காசில் எடுத்த ஓட்டோவும், ஒரு தையல் இயந்திரமும் உள்ள வீட்டிலேதான் இந்தப் பங்கீடு உயிர்ப்பிரச்சினை. பணக்காரிக்கு அண்ணன்மார் உண்டு, அப்புக்காத்துமார் உண்டு.

வேறு சிலர், இதைத் தொட்டால் சமூகத்தின் தனித்துவம் போய்விடும் என்று அஞ்சுகின்றனர். தமிழருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டு விவாக, விவாகரத்துச் சட்டம், கண்டியருக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒவ்வொரு வேலிக்குள்ளும் ஒவ்வொரு வகைப் பெண். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை யாவரும் சமம் என்கின்றது. 16ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அதற்கு முரணாயினும் செல்லும் என்கின்றது. காதி நீதிமன்றங்களின் அநீதியை எதிர்த்து முஸ்லிம் சகோதரிகள் பல்லாண்டாகப் போராடி வருவதைக் கண்டு, ‘பாருங்கள், அவர்கள் சமூகம் எவ்வளவு பின்தங்கியது’ என்று மேற்கோள் காட்டும் தமிழ்க் கனவான்கள் தம் வீட்டு உறுதிப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

நாம் கேட்பவை பெரிய காரியங்களல்ல. 6ஆம் பிரிவின் சம்மத விதி முற்றாக நீங்க வேண்டும். விவாகம் குலைந்தால் தேடியதேட்டத்தில் ஆளுக்குப் பாதி என்ற வாசகம், கணவன் தனித்து நிருவகிக்கும் உரிமையின்றி, 20ஆம் பிரிவில் மீண்டும் எழுதப்பட வேண்டும். குற்றம் தேடாத விவாகரத்து வேண்டும். இருபகுதியினரின் வருமானமும் சத்தியக்கடதாசியில் வெளிவர வேண்டும்.

ஆசிரியர்களாகிய வாசகருக்கு வேறொன்றும் உண்டு. உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்காகக் கழிக்கப்படுகின்றது. இருபத்தைந்து ஆண்டுகள் உங்கள் வீட்டைத் தாங்கி, பின் விவாகரத்துப் பெற்றவள் விதவையல்லள். அந்த ஓய்வூதியத்தில் அவளுக்கு ஒரு சதமும் இல்லை. இறுதி ஓராண்டு உங்களோடு வாழ்ந்தவளுக்கு அது முழுவதும் போகும். சம்பள முரண்பாட்டைப் பற்றி ஆண்டுதோறும் தீர்மானம் நிறைவேற்றும் ஆசிரியர் சங்கங்கள், அடுத்த மாநாட்டு நிகழ்ச்சிநிரலில் இந்த விடயத்தையும் சேர்க்குமா என்று உங்கள் கிளைச் செயலாளரிடம் கேளுங்கள். அவர் என்ன விடை சொன்னார் என்று எமக்கும் எழுதுங்கள்.